மறு: பைலட் எபிசோடுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> 'முதல் அத்தியாயம்' என்றால் எல்லோருக்கும் புரியுமே, புதுச்சொல் எதற்கு?

புரியும் அக்கா, ஆனால் தப்பாகப் புரியும். பைலட் என்பது, தொடரை வாங்கலாமா என்று சேனல் பார்த்து முடிவெடுக்க முதலில் எடுக்கப்படும் சோதனை அத்தியாயம். முதலில் ஒளிபரப்பாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரையே பாருங்கள். அதன் முதல் பைலட்டை என்பிசி சேனல் ஒதுக்கிவிட்டது. மூளைக்கு ரொம்ப வேலை வைக்கிறது என்பது அவர்கள் கண்ட குறை. ஆனாலும் இன்னொன்று எடுத்து வரச் சொன்னார்கள். அதில் கேப்டனே மாறிவிட்டார், ஜெஃப்ரி ஹண்டர் போய் வில்லியம் ஷாட்னர் வந்தார். அது தேறியது. 1966 செப்டம்பர் 8 அன்று தொடர் தொடங்கியபோது அதையாவது போட்டார்களா என்றால் இல்லை. வேறொரு கதை முந்திக்கொண்டது, தேறிய பைலட் மூன்றாவது வாரம்தான் வந்தது. ஒதுக்கப்பட்டதன் காட்சிகளைப் பின்னால் ஓர் இரண்டு பகுதிக் கதைக்குள் செருகினார்கள். இதில் எதை 'முதல் அத்தியாயம்' என்பது?

ஃபயர்ஃபிளை தொடரின் கதை இன்னும் கொடுமை. 2002இல் ஃபாக்ஸ் சேனல் அதன் பைலட்டை ஓரம் வைத்துவிட்டு, அவசரமாக எழுதப்பட்ட வேறொன்றிலிருந்து தொடங்கியது. யார் எவர் என்று அறிமுகப்படுத்த எடுத்த பைலட் டிசம்பரில், தொடரை நிறுத்துகிற நேரத்தில் வந்தது. பந்தி முடிந்து கை கழுவும்போது இலை போட்ட கதை.

> முன்னோட்டம்? முன்னோடி?

முன்னோட்டம் டிரெய்லருக்குப் போய்விட்டது, இனிப் பிடுங்க முடியாது. 'முன்னோடித் திட்டம்' அரசுக் கடிதங்களில் ஓடுகிறது, சரி. 'முன்னோடி அத்தியாயம்' என்றால் ஏதோ புரட்சி செய்த அத்தியாயம்போல் ஒலிக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலி ஒன்று எனக்கு 'விமானி அத்தியாயம்' என்று கொடுத்தது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

என் பரிந்துரை: வெள்ளோட்டம். முழுதாகச் சொல்ல வேண்டிய இடத்தில் வெள்ளோட்ட அத்தியாயம்.

புதுத்தேரையோ பழுதுபார்த்த தேரையோ திருவிழாவுக்கு முன்னால் வீதியில் இழுத்துப் பார்ப்போமே, அதுதான். அச்சு முனகுகிறதா, மூலையில் திரும்புகிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா என்று பார்ப்பது. 'ஒத்திகை' இங்கே சரிப்படாது, ஒத்திகை முடிந்தால் கையில் எதுவும் மிஞ்சாது. வெள்ளோட்டம் விட்ட தேர்தான் பிறகு திருவிழாவிலும் ஓடும். தேறிய பைலட்டும் அப்படியே தொடருக்குள் சேர்ந்துவிடும்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. பைலட் எங்கே தடுமாறுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் கதையில் இல்லை, அச்சில்தான், அதாவது அதைச் சொல்லும் விதத்தில்தான். கேம் ஆஃப் த்ரோன்ஸின் பைலட்டை 2009இல் எடுத்து நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, ஜெய்மியும் செர்சியும் உடன்பிறந்தவர்கள் என்பதே பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை. அது தெரியாவிட்டால், அவர்கள் இருவரும் கூடியிருந்ததைப் பார்த்துவிட்ட பையனைக் கடைசியில் ஜெய்மி ஏன் ஜன்னலிலிருந்து தள்ளுகிறான் என்பது எப்படிப் புரியும்? கேட்லின், டெனேரிஸ் பாத்திரங்களுக்கு ஆளை மாற்றி, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து 2011 ஏப்ரலில்தான் வெளியிட்டார்கள். கதை அதே கதை. யாருக்கு யார் என்ன உறவு என்பதை ஊன்றச் சொன்னார்கள், அவ்வளவே.

த பிக் பேங் தியரி என்ற நகைச்சுவைத் தொடரின் 2006 பைலட்டில் இப்போதைய நாயகி பென்னி கிடையாது, கேட்டி என்று ஒரு முரட்டுப் பெண். சோதனைக்குப் பார்த்தவர்களுக்கு நாயகர்களான இரண்டு விஞ்ஞானிகளையும் பிடித்துவிட்டது. அவர்களைப் போய் ஒருத்தி இப்படிக் கரித்துக்கொட்டுவதுதான் பொறுக்கவில்லை. அவளை எடுத்துவிட்டுப் பென்னியை வைத்து மறுபடி எடுத்தார்கள். 2007இல் தொடங்கி 12 பருவங்கள் (சீசன்) ஓடியது.

எனக்குப் பெரிய எரிச்சல், எல்லாவற்றையும் முதல் பத்து நிமிடத்திலேயே விளக்கிவிடத் துடிக்கும் பைலட்டுகள். 'நீ என் தம்பி, நம் அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது' என்று எந்த அண்ணன் தம்பியிடம் சொல்வான்? பிரேக்கிங் பேட் உள்ளாடையோடு பாலைவனத்தில் வண்டியை விரட்டும் ஒருவனில் தொடங்குகிறது. அவன் யார் என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்ற தைரியம் அது.

—

பதில்:

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். வெள்ளோட்டத்தில் உற்சவர் ஏறுவதில்லை, வெறுந்தேர்தான். பைலட்டில் நாயகன், நாயகி எல்லாரும் ஏறிவிடுகிறார்களே! அப்புறம், வெள்ளோட்டத்தில் தோற்றால் தச்சர் சரிசெய்வார். பைலட் தோற்றால் பெரும்பாலும் பெட்டிக்குள் போய்விடும். சைன்ஃபெல்ட் என்ற நகைச்சுவைத் தொடரின் பைலட்டுக்குச் சோதனைப் பார்வையாளர்களிடம் படுமோசமான மதிப்பீடு. 1989 ஜூலையில் அதைப் போட்டுவிட்டு, மேலும் நான்கே நான்கு அத்தியாயம் கேட்டார்கள். தொடரின் முக்கியப் பெண் பாத்திரமான எலேனே அதற்குப் பிறகுதான் வந்தாள். அந்த நான்கு கிடைக்காமல் போயிருந்தால்?

'எபிசோட்' என்பதற்கு எங்கள் பக்கம் 'அங்கம்' என்போம், வெள்ளோட்ட அங்கம் என்றும் சொல்லலாமா?

—

பதில்:

தம்பி, உற்சவர் விஷயத்தில் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். உவமைக்கு எல்லாக் காலும் வேண்டாம், மூன்று கால் இருந்தால் நிற்கும். சைன்ஃபெல்ட் எனக்குச் சாதகம்தான்: தேர் ஆடியது, ஆனாலும் இன்னும் நாலு வீதி இழுத்துப் பார்க்கலாம் என்று யாரோ நினைத்தார்கள். 'அங்கம்' தாராளமாகச் சொல்லலாம். 'வெள்ளோட்டம்' என்ற முன்பாதி மாறாமல் இருந்தால் போதும்.

அக்கா தனிமடலில் கேட்ட இன்னொன்று: ஓடிக்கொண்டிருக்கும் தொடரின் ஓர் அத்தியாயத்துக்குள்ளேயே புதுத்தொடருக்கான பைலட்டை ஒளித்து வைப்பது. 2003இல் ஜேக் (JAG) தொடருக்குள்ளிருந்து என்சிஐஎஸ் (NCIS) தொடர் அப்படித்தான் வந்தது. ஆங்கிலத்தில் இதை 'பேக்டோர் பைலட்' என்கிறார்கள். அதைப் பார்த்துப் 'பின்வாசல்' என்று போடாமல், மாங்கன்றை ஒட்டுக்கட்டுவதை நினைத்து 'ஒட்டு வெள்ளோட்டம்' என்கிறேன்.

நெட்ஃபிளிக்ஸ் 2011இல் ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸுக்கு பைலட்டே கேட்காமல் இரண்டு பருவங்களை, 26 அத்தியாயங்களை, மொத்தமாக ஒப்புக்கொண்டதே, அந்த முறைக்கு என்னிடம் சொல் இல்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். 'வெள்ளோட்ட அத்தியாயம்' மட்டும் ஞாயிற்றுக்கிழமை இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றுகிறேன், மறுப்பவர்கள் அதற்குள் மறுக்கவும்.