லாப்டி நிலம் தானமா, விலையா?

கடைமடை எழுதியது:
வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா சிரிக்கிற படம், கீழே ஒரு வரி: "பூதானத்தில் கிடைத்த நிலத்தை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்க லாப்டி என்ற சிறு தன்னார்வ அமைப்பை நடத்தியவர்." எங்கள் குழுவில் இதற்கு நாற்பது பேர் கைகூப்பிவிட்டார்கள். ஒருவருக்காவது உறுத்தியதா? பூதானம், அதாவது நிலம் உள்ளவர்களிடம் தானமாகக் கேட்டு வாங்கி நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கும் இயக்கம், வினோபா 1951இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் ஆரம்பித்தது. லாப்டி அம்மாவும் அவர் கணவர் ஜெகந்நாதன் ஐயாவும் 1981இல் ஆரம்பித்தது. நடுவில் முப்பது வருடம். லாப்டி கொடுத்த நிலம் தானம் இல்லை. மிராசுதாரையும் கூலிக்காரரையும் எதிரெதிரே உட்காரவைத்து விலை பேசி, கடன் ஏற்பாடு செய்து வாங்கிய நிலம். கடனைக் கட்டியது அந்த ஏழைகள். தானம் என்று எழுதினால் நாற்றுக்கட்டு தூக்கிக் கடன் அடைத்த பெண்களைப் பிச்சை வாங்கியவர்கள் ஆக்குகிறீர்கள். அவ்வளவுதான் என் கோபம்.

சிவப்புத்துண்டு எழுதியது:
வாங்கியது என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, யாரிடம் வாங்கினார்கள்? தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாள் உழைத்த நிலத்தை அந்தப் பண்ணையாளின் பேத்தியே காசு கொடுத்து வாங்க வேண்டுமா? "உழுபவனுக்கே நிலம்" என்றால் உழுபவனுக்கே கடன் என்று அர்த்தமா தோழர்?

கடைமடை எழுதியது:
பார்த்தீர்களா, வாங்கியது என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

சிவப்புத்துண்டு எழுதியது:
நான் ஒத்துக்கொள்ளவில்லை. கேள்வி கேட்டேன்.

வெண்ணாறு எழுதியது:
முதலில் "தன்னார்வ அமைப்பு" என்றால் என்ன என்று முடிவு செய்துகொண்டு பேசலாமே. சம்பளமில்லாதவர்கள் நடத்துவதா, அரசு சாராததா, சங்கமாகப் பதிவானதா? ஆளுக்கொரு அர்த்தத்தில் பேசுகிறோம்.

கடைமடை எழுதியது:
அதெல்லாம் அப்புறம். தானமா, விலையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

காந்திகிராமத்தான் எழுதியது:
தம்பி கடைமடை, நீங்கள் சொல்வது பாதி சரி. பூதானத்தை அப்படி வெட்டி எறிந்துவிட முடியாது. ஜெகந்நாதன் ஐயாவும் அம்மாவும் 1950இல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். சுதந்திரம் வந்த பிறகுதான் கல்யாணம் என்று அவர் காத்திருந்தார். அதன்பிறகு வருடக்கணக்கில் வினோபாவின் நடையோடு நடந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவர், நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்து பட்டம் வாங்கிய பெண் ஒருவர். இந்த இருவரின் கால்கள் பூதானத்தில் தேய்ந்தவை. லாப்டி அதிலிருந்து முளைத்ததுதான். எனவே பூதானம் என்ற சொல் அந்தப் படத்தில் இருப்பதில் தப்பில்லை.

கடைமடை எழுதியது:
ஐயா, முளைத்தது வேறு, முளைத்த இடமே விளைச்சல் என்று சொல்வது வேறு. பூதானத்தில் என்ன கிடைத்தது என்று உங்களுக்கே தெரியும். மிராசுதார் கொடுத்ததில் பாறையும் முள்ளுமே அதிகம். எங்கள் பெரியப்பாவுக்கு வந்தது மூன்று ஏக்கர், அதில் ஏர் இறங்கிய இடம் கால் ஏக்கர். மீதியில் ஆடு கூட மேயவில்லை. இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகு, "தானத்துக்குக் கையேந்தி நிற்காதே, விலை கேள்" என்று மாறியதுதான் 1981. நீங்கள் சொல்லும் அதே இருவர்தான் மாறினார்கள். மாறியதை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதையா?

காந்திகிராமத்தான் எழுதியது:
உங்கள் பெரியப்பா நிலத்தைப் பற்றிப் போன திரியிலும் சொன்னீர்கள். அங்கே இரண்டு ஏக்கர் என்று எழுதியிருந்தீர்கள்.

கடைமடை எழுதியது:
மூன்றுதான். அங்கே தட்டச்சுப் பிழை.

சிவப்புத்துண்டு எழுதியது:
இந்த இருவரும் தஞ்சைக்கு ஏன் வந்தார்கள் என்பதை யாரும் சொல்லக் காணோம். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்ட ஊரில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். குழந்தைகளும் பெண்களும் கிழவர்களும். அதைக் கேட்டுத்தான் சர்வோதயக்காரர்கள், அதாவது காந்தி, வினோபா வழியில் வந்த இவர்கள், கீழத்தஞ்சைக்கு வந்து தங்கினார்கள். அதற்கு இருபது வருடம் முன்பே மிராசுதார்கள் பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்து நின்றது கம்யூனிஸ்டுகளின் செங்கொடி. அதைத் தூக்கிய எங்கள் தலைவர் சீனிவாச ராவ் எந்த விருதும் வாங்கவில்லை. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது எங்கள் போராட்டத்தால். 44 பேர் செத்த மண்ணில் வந்து விலை பேசி வாங்குவதைப் புரட்சி என்று படம் போடாதீர்கள்.

கடைமடை எழுதியது:
புரட்சி என்று எந்த இடத்தில் எழுதினேன்? தேடிக் காட்டுங்கள். விலைக்கு வாங்கியது என்றுதான் எழுதினேன்.

மருதநிலத்தாள் எழுதியது:
அக்கம்பக்கத்துக்காரியாகச் சொல்கிறேன், கூத்தூர் ஆசிரமத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். பட்டா பெண்கள் பெயரில் போட்டது ஏன் என்று ஒருவரும் பேசவில்லையே? ஆண் பெயரில் இருந்தால் ஒரு சாராயக்கடைக் கணக்கில் போய்விடும் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. வங்கிகள் முதலில் கடன் கொடுக்கவில்லை. பத்திரச் செலவு வேறு கழுத்தை நெரித்தது. அதையும் மீறி ஒரு குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் கொடுக்கும் வேலையும் நடந்தது. லாப்டிக்குப் பின்னால் இருந்தவர்கள் என்று இரண்டு பேரை மட்டும் காட்டாதீர்கள். கூட ஓடிய ஊழியர்களும் தவணை கட்டிய பெண்களும் இருக்கிறார்கள்.

கடைமடை எழுதியது:
அக்கா சொன்ன கடைசி வரிதான் நான் முதல் பதிவிலேயே சொன்னது.

மருதநிலத்தாள் எழுதியது:
நான் உங்களுக்காகச் சொல்லவில்லை.

பழைய சோறு எழுதியது:
பழைய நில அளவில் ஒரு ஏக்கர் என்றால் மூன்று மா, இருபது மா ஒரு வேலி. 13,000 ஏக்கர் என்றால் ஏறக்குறைய இரண்டாயிரம் வேலி! அந்தக் காலத்தில் இருபது வேலி வைத்திருந்தவரையே பெரிய பண்ணை என்போம். இத்தனை வேலியை ஒரு சின்ன அமைப்பு கைமாற்றியிருக்கிறது என்றால் சும்மாவா?

சிவப்புத்துண்டு எழுதியது:
கைமாறியது சரி. காசு எந்தப் பக்கம் போனது? ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு 1961 சட்டத்தில் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் உச்சவரம்பு, 1970இல் 15. அதை ஒழுங்காக அமல்படுத்தியிருந்தால் பினாமியிலும் அறக்கட்டளையிலும் ஒளித்துவைத்த நிலம் வெளியே வந்திருக்கும். வாங்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. மிராசுதாருக்கு வயல் போனது, பணப்பெட்டி நிறைந்தது. இதற்கு நாம் கைதட்ட வேண்டும்.

கடைமடை எழுதியது:
அமல்படுத்தியிருந்தால்! "இருந்தால்" என்ற நாற்றில் எத்தனை மூட்டை நெல் கண்டது தோழர்? சட்டம் வரும் என்று அந்தப் பெண் இன்னும் எத்தனை வருடம் அடுத்தவர் வயலில் நாற்று நடுவாள்? விலைக்குத்தான் வாங்கினாள், கடனும் கட்டினாள், இன்றைக்கு அது அவள் வயல். உங்களுக்கு வரலாறு சுத்தமாக இருக்க வேண்டும், அவளுக்கு வயல் இருக்க வேண்டும். இன்னொன்று. சர்வோதயக்காரர் சண்டை போடத் தெரியாதவர் என்று ஒரு நினைப்பு இருக்கிறது உங்களிடம். இறால் பண்ணைகள் வந்து குடிதண்ணீரும் வயலும் உப்பாகிப்போனபோது உச்ச நீதிமன்றம் போனது யார்? ஜெகந்நாதன் ஐயாதான். வழக்கின் பெயரே எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம். 1996 டிசம்பர் 11 தீர்ப்பு. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை கூடாது, பாரம்பரிய முறை தவிர. அந்த மனிதருக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

உப்பங்காற்று எழுதியது:
தீர்ப்பைச் சொல்கிறவர்கள் அடுத்த பக்கத்தைச் சொல்வதில்லை. 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது, பண்ணைகள் பதிவு செய்துகொண்டு ஓடுகின்றன. எங்கள் பக்கம் வந்து பாருங்கள். பிறகு நான்கு பேர் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மச்சான் அங்கேதான் தீவனம் போடுகிறான்.

கடைமடை எழுதியது:
உங்கள் மச்சானைப் பற்றித் தனித்திரி ஆரம்பியுங்கள்.

உப்பங்காற்று எழுதியது:
உங்கள் பெரியப்பாவுக்குத் தனித்திரி இருக்கிறதா?

காந்திகிராமத்தான் எழுதியது:
பெரியவர்களைப் பற்றிய திரி, கொஞ்சம் நிதானம். 2008இல் மாற்று நோபல் என்கிற ரைட் லைவ்லிஹுட் விருது இருவருக்கும் சேர்த்துத்தான் வந்தது. 2020இல் அம்மாவுக்குப் பத்மபூஷண். அப்போது ஐயா இல்லை, 2013லேயே போய்விட்டார். படத்தில் அவர் இல்லாததுதான் எனக்கு வருத்தம். அதைப் பற்றி யாரும் கோபப்படவில்லை.

கடைமடை எழுதியது:
கோபம் ஒன்றுதான் ஐயா, தானம் என்ற சொல். அதை எடுத்துவிட்டு அவர் படத்தையும் போடட்டும், நானே பகிர்கிறேன்.

சிவப்புத்துண்டு எழுதியது:
விலை என்ற சொல்லையும் எடுத்தால் நானும் பகிர்கிறேன்.

கடைமடை எழுதியது:
அது முடியாது.

வெண்ணாறு எழுதியது:
"தன்னார்வ" என்பதன் பொருள் பற்றி நான் கேட்டது இன்னும் அப்படியே இருக்கிறது.

பழைய சோறு எழுதியது:
இருக்கட்டும் தம்பி. என் கணக்கில் ஒரு திருத்தம்: வேலிக்கு 6 ஏக்கர் 66 சென்ட். அப்படிப் பார்த்தால் 1,952 வேலி.

உப்பங்காற்று எழுதியது:
6 ஏக்கர் 60 சென்ட். மாவுக்கு 33 சென்ட்தானே, இருபதால் பெருக்குங்கள்.

பழைய சோறு எழுதியது:
33இல்லை, 33யும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தை விட்டால் வரப்பில் வெட்டுக்குத்து வரும். என் தாத்தா கிராம முன்சீப்.

உப்பங்காற்று எழுதியது:
என் தாத்தா சங்கிலி பிடித்து அளந்தவர்.

கடைமடை எழுதியது:
60ஓ 66ஓ, விலைக்கு வாங்கியது.

பழைய சோறு எழுதியது:
66.