பாண்டி முனி துணை (குடும்பக் குழு)

செல்வி பெரியம்மா: பாப்பா காதுகுத்து வரும் ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு. பாண்டி கோயில். வேனில் 14 பேர்தான். பெயர் சொல்லுங்கள்.

முருகன் மாமா: நாங்க 6

கார்த்தி: ரேவதி சித்தி, புதன்கிழமை பாப்பாவுக்கு 9 மாத ஊசி. அம்மா வேண்டாமாம்.

செல்வி பெரியம்மா: அதை ஏன்டா இங்கே போடுற?

கார்த்தி: வீட்டில் சொன்னால் கேட்டால்தானே

ரேவதி சித்தி: அக்கா, அது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்துப் போடும் ஊசி. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. தட்டம்மை என்றால் நம் மணல்வாரிதான். இருமினாலே பரவும். ஊசி போடாத பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் ஒன்பது பேருக்கு ஒட்டும். நிமோனியாவில் கொண்டுபோய் விடும். 2017 பிப்ரவரியில் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டோமே, அப்போதும் வாட்ஸ்அப் வதந்திதான். நான் போன பள்ளியில் காரில் வந்து இறங்கியவர்கள்தான் கையெழுத்துப் போடவில்லை. பூக்கட்டுகிற அம்மாக்கள் நாலு கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னதும் பிள்ளையை வரிசையில் நிறுத்தினார்கள். ஊசி போட்டு 7 முதல் 12 நாளில் லேசாகக் காய்ச்சல் வரலாம். பயமில்லை.

முருகன் மாமா: யார் படிக்கிறது இவ்வளவையும்

செல்வி பெரியம்மா: புதனிலிருந்து 11ஆம் நாள் காதுகுத்து. காய்ச்சல் வரும் என்று நீயே சொல்லிட்ட.

ரேவதி சித்தி: வரலாம் என்றேன் அக்கா 🙏

செல்வி பெரியம்மா: ஆத்தா விளையாட்டை ஊசி போட்டுத் தடுத்தால் தெய்வகுத்தம். அப்படிச் சொல்ற ஆடியோவை மாமாதான் அனுப்பினான்.

பாலா: 2021இல் நடிகர் விவேக் இறந்தபோதும் மாமா ஆடியோதான். கொரோனா ஊசி காரணமில்லை என்று மத்திய அரசின் குழு சொன்னதை மட்டும் அனுப்பவே இல்லை.

முருகன் மாமா: அதை விடு. கிடாய்க்கு முன்பணம் கொடுத்தாச்சா?

செல்வி பெரியம்மா: போன கிடாய்க்கே நீ இன்னும் கணக்குத் தரல

முருகன் மாமா: ஆரம்பிச்சாச்சு

பாலா: அம்மாச்சி சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "செல்வி, உனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். மணல்வாரி இறங்கிருச்சுன்னு தலைக்குத் தண்ணி ஊத்தினேன். மறுநாள் மூச்சு இழுத்துச்சு. வாசல்ல கட்டின வேப்பிலை காயக்கூட இல்ல. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ ஊசியப் போடு."

திவ்யா: புதன் 9 மணிக்கு ஆட்டோ சொல்லட்டுமா அத்தை?

செல்வி பெரியம்மா: தேதியைத் தள்ள முடியுமா என்று கேள்.

முருகன் மாமா: எந்தத் தேதியை? பூசாரியையா, நர்ஸையா?

செல்வி பெரியம்மா: வேனுக்கு இன்னும் 3 பெயர் வரல