அடுத்த சீசன் கிளாசிக்கா, ஹெட் டு ஹெட்டா? எங்கட 12 பேர் எஃப்பிஎல் லீக்

வெள்ளவத்தை விங்கர்:
வட்ஸ்அப் குறூப்பில போட்டா மீமுக்குள்ள தாண்டு போகும் எண்டுதான் இஞ்ச எழுதுறன். எங்கட பிரீமியர் லீக் ஃபன்டசி (எஃப்பிஎல்) லீக்கில 12 பேர்: உண்மையான வீரரை வைச்சு ஆளாளுக்கு ஒரு டீம் கட்டுறது, அவை மேட்ச்சில செய்யிறதுக்குப் புள்ளி. இதுவரைக்கும் கிளாசிக் முறைதான்: 38 கேம்வீக் (போட்டி வாரம்) புள்ளியையும் கூட்டி ஆருக்குக் கூட எண்டு பாக்கிறது. அடுத்த சீசன் ஹெட் டு ஹெட்டுக்கு மாறுவம் எண்டு நான் சொல்லுறன். வாரத்துக்கு ஒராளோட மோதல். வெண்டா 3, சமன் எண்டா 1, தோத்தா ஒண்டுமில்லை. கிளாசிக்கில ஜனவரியிலயே 150 புள்ளி பின்னுக்கு நிக்கிற ஆள் ஏன் டீம் மாத்துற டெட்லைனுக்கு ஃபோனைத் திறக்கப் போறார்? ஹெட் டு ஹெட்டில கடைசி ஆளும் அந்த வாரம் முதலாம் ஆளை விழுத்தலாம். ஓகஸ்ட்டுக்கு முதல் முடிவெடுக்கோணும்.

கொட்டாஞ்சேனை கீப்பர்:
நான் எதிர்க்கிறேன். ஒரு வாரம் நீங்க 82 எடுக்கிறீங்க, எதிராளி 84. உங்களுக்குப் பூச்சியம். அதே வாரம் வேற ரெண்டு பேர் 39க்கு 37ன்னு மோதி, 39 எடுத்தவர் 3 புள்ளியோட போறார். 12 பேர்ல ரெண்டாவது கூடுதலா எடுத்தவருக்கு ஒண்ணுமில்ல, பத்தாவதா வந்தவருக்கு முழுப் புள்ளி. இதுல திறமை எங்க இருக்கு?

அதைவிடப் பெரிய சிக்கல் அட்டவணை. 12 பேர்னா ஒரு சுற்று 11 வாரம். மூணு சுற்று 33. மிச்சம் 5 வாரம் தொங்குது. அந்த அஞ்சு வாரத்துல சிலரோட நாலாவது தடவை மோதணும், மத்தவங்களோட மூணோட முடிஞ்சிடும். ஒருத்தருக்கு நாலாவது மோதல் செத்த டீமோட (ஆள் கைவிட்ட டீம்), இன்னொருத்தருக்கு டேபிள்ல முதல்ல நிக்கிறவரோட. 20 பேர் இருந்தா 38 வாரம் சரியாப் பிரியும், பிரீமியர் லீக் மாதிரியே.

தெமட்டகொடை டென்:
20 பேருக்கு எங்க போற மச்சான்? 12 பேர்ட காசு சேர்க்கவே நாக்குத் தள்ளுது.

ஒஃப்சைட் அக்கா:
கீப்பர் தம்பி, திறமை இல்லைன்னு சொல்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அது வேற திறமை. கிளாசிக்ல உங்க டீமை மட்டும் பார்த்தாப் போதும். ஹெட் டு ஹெட்ல எதிராளியின் டீமையும் படிக்கணும். டெட்லைன் முடியும்வரை அவர் இந்த வாரம் செஞ்ச மாற்றம் தெரியாது, ஆனா போன வார டீமும், எந்தச் சிப்பெல்லாம் (சீசன்ல எண்ணிக்கையாக் கிடைக்கிற விசேஷச் சலுகை) முடிஞ்சதுங்கிறதும் அவருடைய பக்கத்துலயே கிடக்கு. போன வாரம் ஃப்ரீ ஹிட் சிப் போட்டிருந்தா மட்டும் அந்த டீமை நம்பாதீங்க. அது அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் டீமை மாத்துற கூத்து, பழைய டீம் திரும்பி வந்திருக்கும். அதுக்கு முந்தின வாரத்தைப் பாருங்க.

கப்டன் கணக்கை எடுங்க, அவருக்குப் புள்ளி இரட்டிப்பு. ஃபோர்வர்ட் ஹாலண்ட் ஒரு கோல் அடிச்சா 4, கப்டன்னா 8. ரெண்டு பேருமே அவரைக் கப்டன் போட்டிருந்தா வித்தியாசம் பூச்சியம். ஒருத்தர் சும்மா வச்சிருந்தா 4 பின்னுக்கு, வச்சிருக்கவே இல்லைன்னா 8. அதனால உங்க டீம் பலமா இருக்கிற வாரம் எதிராளியின் கப்டனையே போட்டு அடைக்கணும், பலவீனமா இருக்கிற வாரம் வேற ஆளைப் போட்டு உடைக்கணும். டிஃபென்ஸும் அப்படித்தான். 2025/26ல வந்த விதிப்படி ஒரு டிஃபென்டர் கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டாக்கிள் எல்லாம் சேர்த்து ஒரு மேட்ச்ல 10 தொட்டா 2 புள்ளி. நிறையத் தலையால அடிச்சு வெளியேத்துற சென்டர் பேக், டீம் தோத்தாலும் அந்த 2ஐக் கொண்டு வருவார். பலமான டீம் வச்சிருக்கிறவருக்குத் தேவை அந்த மாதிரி உறுதியா வர்ற சின்னப் புள்ளிதான்.

கொட்டாஞ்சேனை கீப்பர்:
அக்கா, கப்டன் விஷயம் சரி. சிப்புக்கு என்ன சொல்றீங்க? கிளாசிக்ல டபுள் கேம்வீக்ல (சில டீமுக்கு ரெண்டு மேட்ச் வர்ற வாரம்) பெஞ்ச் பூஸ்ட் சிப் போட்டு, பெஞ்சுல இருக்கிறவங்களால 24 வந்தா அந்த 24 மே மாசம் வரைக்கும் கூட வரும். ஹெட் டு ஹெட்ல நீங்க ஏற்கெனவே 30 வித்தியாசத்துல ஜெயிக்கிற வாரம்னா அது குப்பைக்குத்தான். மாசக்கணக்காத் திட்டம் போட்ட சிப்பும் சேர்ந்து அதே 3 புள்ளிதான்.

ஒஃப்சைட் அக்கா:
அப்போ ஜெயிக்கிற வாரத்துல போடாதீங்க. பலமான ஆளோட மோதுற வாரத்துக்கு வைங்க. ஒண்ணு மட்டும் மறக்க வேணாம்: 2025/26ல இருந்த மாதிரி சிப் ரெண்டு தொகுதின்னா, முதல் தொகுதி 19ஆவது வார டெட்லைனோட காலாவதி. இரண்டாம் பாதிக்குக் கொண்டு போக முடியாது.

தெஹிவளை டிஃபென்ஸ்:
ரெண்டு பக்கமும் பேசாத ஒரு விஷயம் இருக்கு. கிளாசிக்ல யாராவது அக்டோபரோட கைவிட்டா மத்தவங்களுக்கு நட்டமில்லை, அவர் பாட்டுக்குக் கீழே கிடப்பார். ஹெட் டு ஹெட்ல அந்தச் செத்த டீம்தான் சம்பியனைத் தீர்மானிக்கும். அட்டவணை உருவானதும் லீக் பூட்டிடும், அதுக்குப் பிறகு யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது.

அதனால இப்படிச் செய்யலாம். கிளாசிக் லீக் முதல் வாரத்திலிருந்தே ஓடட்டும். ஹெட் டு ஹெட் லீக்கை அஞ்சாவது வார டெட்லைனுக்குப் பிறகு உருவாக்கி, ஆறாவது வாரத்திலிருந்து ஆரம்பிப்போம். மிச்சம் 33 வாரம். 12 பேருக்கு மூணு முழுச் சுற்று, கீப்பர் சொன்ன அந்தத் தொங்கல் இல்லை. முதல் அஞ்சு வாரத்துல டீமைத் தொடாமலே விட்டவருக்கு லீக்கில சேருற கோடே அனுப்பாம விடலாம். ஒருத்தர் கழிஞ்சு 11 பேரானாலும் கணக்கு உடையாது. ஒற்றை எண்ணிக்கைன்னா கேமே சராசரிப் புள்ளி எடுக்கிற ஒரு டீமைச் சேர்த்துவிடும், மறுபடி 12. ரெண்டு பேர் கழிஞ்சு 10 ஆனாத்தான் சிக்கல். ஒரு சுற்று 9 வாரமாகி 33 பிரியாது.

வெள்ளவத்தை விங்கர்:
இது நல்லாயிருக்கு. ஆனா பெரிய பரிசு ஹெட் டு ஹெட்டுக்குத்தான் எண்டதில நான் மாறேல்லை.

கொட்டாஞ்சேனை கீப்பர்:
மாறவே வேணாம், வாக்கெடுப்புல பாத்துக்கலாம். ஆளுக்கு 5,000 ரூபான்னா 60,000. என் பிரிப்பு: கிளாசிக் முதலாமிடம் 25,000, ரெண்டாமிடம் 12,000, மூணாமிடம் 5,000. ஹெட் டு ஹெட் சம்பியனுக்கு 18,000. மாதப் பரிசு வேணாம். ஓகஸ்ட்டுல ரெண்டு மூணு வாரம்தான் வருது, டிசம்பர்ல அஞ்சாறு வாரம். ரெண்டுக்கும் ஒரே தொகை குடுக்கிறது கணக்கே இல்ல.

தெமட்டகொடை டென்:
மாதப் பரிசு இல்லாட்டி நடுவுல நிக்கிற எங்களுக்கு என்ன இருக்கு? மாதமாப் பிரிக்க ஏலாட்டி பாதியாப் பிரி. 1 முதல் 19 வரைக்கும் ஒண்டு, 20 முதல் 38 வரைக்கும் ஒண்டு. ரெண்டும் 19 வாரம், சிப்பும் அதே இடத்துல பிரியுது. ரெண்டாம் பாதியில எல்லாரும் பூச்சியத்துல இருந்து வாற. ஜனவரியில ஃபோனைத் திறக்க அது போதும்.

தெஹிவளை டிஃபென்ஸ்:
டென் சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா பாதிப் பரிசை நாமதான் கையால கணக்குப் பார்க்கணும். அதுல வழக்கமா நடக்கிற பிழை இது: கேம்வீக் புள்ளியை வாரா வாரம் எழுதிக் கூட்டுவாங்க. வரலாற்றுப் பக்கத்துல வாரப் புள்ளி ஒரு நிரல், ட்ரான்ஸ்பர் செலவு வேற நிரல். ரெண்டு ஹிட் (கூடுதல் ட்ரான்ஸ்பருக்கு 4 புள்ளி வெட்டு) எடுத்தவருக்கு 8 கழியாமலே போயிடும். வாரப் புள்ளியைத் தொடவே வேணாம். 38ஆவது வார மொத்தத்துலருந்து 19ஆவது வார மொத்தத்தைக் கழிச்சா, ஹிட் எல்லாம் போக மிச்சம் வரும். ஆளுக்கு ஒரு கழித்தல், அவ்வளவுதான். போனஸும் ஓட்டோ சப்பும் (விளையாடாதவருக்குப் பதிலா பெஞ்சுல இருந்து தானா வர்றவர்) ஏறி முடியுற வரைக்கும் ஸ்கிரீன்ஷொட் எடுக்க வேணாம்.

ஒஃப்சைட் அக்கா:
டெட்லைனையும் விதியா எழுதி வைங்க, "எனக்குத் தெரியாது"ங்கிற கதை வேணாம். முதல் மேட்சுக்கு 90 நிமிஷம் முன்னால பூட்டும். சனி அங்கே 12.30க்கு மேட்ச்னா, அவங்க கோடைகாலத்துல நமக்கு மாலை 3.30, ஒக்டோபர் கடைசி ஞாயிறு அவங்க கடிகாரத்தை மாத்தின பிறகு 4.30. அது பரவாயில்லை. வெள்ளி இரவு மேட்ச்தான் ஆளை விழுத்தும். அங்கே 8 மணின்னா கோடையில நமக்கு வெள்ளி இரவு 11, குளிர்காலத்துல நள்ளிரவு 12. ஃபோன்ல "சனி"ன்னு காட்டும். அதைச் சனி மத்தியானம்னு நினைச்சு, விடியப் பார்த்தா மேட்சே முடிஞ்சிருக்கும்.

வெள்ளவத்தை விங்கர்:
வைஸ் கப்டனையும் எழுதுங்கோ அக்கா. கப்டன் ஒரு நிமிஷமும் விளையாடாட்டித்தான் வைஸுக்கு இரட்டிப்புப் போகும். 89ஆவது நிமிஷத்தில இறங்கினாலும் போகாது, அந்த 1 புள்ளிதான் 2 ஆகும். வியாழன் ஐரோப்பாப் போட்டி விளையாடிற்று வாற ஆளைக் கப்டன் போடேக்க யோசிக்கோணும். கிளாசிக்கில அது ஒரு சின்ன அடி. ஹெட் டு ஹெட்டில மூண்டு புள்ளியும் போச்சு. அந்தப் பயம் இருந்தாத்தான் எல்லாரும் ஒழுங்கா விளையாடுவினம். அதுக்காகத்தான் பெரிய பரிசு அதுக்கு எண்டுறன்.

கொட்டாஞ்சேனை கீப்பர்:
பயம் வேற, நியாயம் வேற. 38 வாரம் கூடுதலாப் புள்ளி எடுத்தவருக்கு 25,000க்குக் குறையக்கூடாது. டென் கேக்கிற பாதிப் பரிசுக்கு ஒரு பாதிக்கு 4,000ன்னு 8,000 வேணும்னா, ஹெட் டு ஹெட்லருந்து 6,000, ரெண்டாமிடத்துலருந்து 2,000 எடுங்க. 25, 10, 5, 12, 8. அறுபது சரியா வருது.

தெமட்டகொடை டென்:
நான் அதுக்கு ஓகே. கிளாசிக்ல சமன் வந்தா?

தெஹிவளை டிஃபென்ஸ்:
கேம்ல குறைவா ட்ரான்ஸ்பர் செஞ்சவர் மேலே போவார். வைல்ட்கார்ட் (ஹிட் இல்லாம எத்தனை பேரையும் மாத்துற சிப்), ஃப்ரீ ஹிட்ல செஞ்ச மாற்றம் அதுல சேராது.

வெள்ளவத்தை விங்கர்:
அது பேசாமல் இருந்தவருக்குப் பரிசு குடுக்கிற விதி. காசுக்கு அதைப் பாவிக்க ஏலாது. சமன் எண்டா ரெண்டு இடத்துக் காசையும் கூட்டிப் பாதியாப் பிரிப்பம்.

கொட்டாஞ்சேனை கீப்பர்:
இது ஒண்ணுல உங்களோட ஒத்துப் போறேன். பெரிய பரிசு எதுக்குங்கிறதை ஞாயிற்றுக்கிழமை 12 பேரும் வாக்குப் போடட்டும், 7 வேணும். ஆறுக்கு ஆறு வந்தா இப்ப இருக்கிற கிளாசிக் முறையே தொடரும்.

வெள்ளவத்தை விங்கர்:
ஆறுக்கு ஆறு வந்தா கிளாசிக் எண்டு ஆர் சொன்னது?