சுடுமணலில் ஓடும் நாய்க்கு என்ன செய்கிறீர்கள்?

அரியமான் கடற்கரைப் பக்கம் நாய் வளர்க்கிற அண்ணன், அக்காமார் கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் ராஜபாளையம் கடலைக் கண்டால் நிற்க மாட்டான். புறங்கையை மணலில் வைத்துப் பார்த்து, சூடு பொறுத்தால்தான் இறக்கிவிடுகிறேன். ஆனாலும் விரலிடுக்கில் உப்பும் மணலும் அப்பி, பாதம் சிவந்து, நக்கிக்கொண்டே இருக்கிறான். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைக்கிறேன். கடல்நீரைக் குடித்தால் வாந்தி, பேதி வருமே, அதனால் குடிக்கத் தண்ணீரும் கையோடு போகிறது.

பெரிய கவலை மூக்குதான். வெள்ளை நாய், ரோஸ் நிற மூக்கு, வெயிலில் சட்டென்று வெந்துவிடுகிறது. நாம் பூசும் சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்சைடு இருந்தால், நக்கும்போது அது நாய்க்கு நஞ்சு. நாய்க்கென்றே உள்ளது ராமநாதபுரத்தில் எங்கே கிடைக்கும்? ரப்பர் காலுறை போட்டால் உள்ளே மணல் புகாதா? அப்புறம், கச்சான் என்கிற மேல்காற்றில் மணல் பறக்கும்போது கண்ணுக்கு என்ன செய்கிறீர்கள்?