இளைப்போடு வந்த கைக்குழந்தைகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செவிலியர், கோத்தகிரிப் பக்கம்

மழையும் பனியும் தொடங்கிவிட்டால் எங்கள் சிறிய மருத்துவமனையில் கைக்குழந்தைகளின் இரைப்புச் சத்தம் கேட்காத நாள் இராது. பிராங்கியோலைட்டிஸ், அதாவது நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி அடைக்கும் நோய். பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. வைரஸால் இரண்டு வயதுக்குள் வருவது. பல ஆண்டுகள் எல்லாக் குழந்தைக்கும் ஒரே வைத்தியம்தான் செய்தோம்: ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சால்பூட்டமால் புகை (நெபுலைசரில் மருந்தை ஆவியாக்கி மூச்சில் கொடுப்பது), ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக் ஊசி, எக்ஸ்ரே. ஊசி போட்டால் குழந்தை அழும். அழுதால் இன்னும் மூச்சு வாங்கும்.

புதிதாக வந்த மருத்துவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2014 வழிகாட்டுதலை எங்களோடு உட்கார்ந்து வாசித்தார். புகையை ஒருமுறை வைத்துப் பார்க்கலாம் என்று 2006இல் இருந்ததையும் அதில் நீக்கியிருந்தார்கள். சால்பூட்டமால் மூச்சுக்குழாயின் இறுகிய தசையைத் தளர்த்தும் மருந்து. இந்தக் குழந்தைகளுக்கோ குழாயை அடைப்பது வீக்கமும் சளியும். இவ்வளவு நாள் இது தெரியாமலா இருந்தோம் என்று எனக்கு மனம் கனத்தது.

மருந்தைக் குறைத்தால் வேலை குறையும் என்று நினைத்தேன். கூடியது. மூச்சை முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது, கைக்குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடாது. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுச் சளியைத் துடைத்த பிறகே பால், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை. வழக்கமாகக் குடிப்பதில் பாதிதான் இறங்குகிறது என்றால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விடியற்குளிரில் சில்லிட்ட பாதத்தில், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் 84 சதவீதம் என்று காட்டும். உள்ளங்காலைத் தேய்த்துச் சூடாக்கிப் பார்த்தால் 93. அந்த முதல் எண்ணை நம்பி எத்தனை குழந்தைகளுக்கு ஆக்சிஜன் குழாய் செருகியிருப்போம்!

பாட்டிமார்கள் குழந்தையின் மார்பிலும் மூக்கிலும் நீலகிரித் தைலம் தடவிக் கொண்டுவருவார்கள். நம் மலையின் மருந்துதானே என்பார்கள். பச்சிளம் குழந்தைக்கு அது மூச்சையே திணற வைக்கும். கற்பூரம் சேர்ந்த களிம்பு வலிப்பு வரையிலும் கொண்டுபோகும். தயவுசெய்து தடவாதீர்கள்.

குழந்தை மருத்துவர், கொடைக்கானல்

எக்ஸ்ரே பற்றி நானும் சொல்ல வேண்டும். சளி அடைத்துச் சுருங்கிய நுரையீரல் பகுதி படத்தில் நிமோனியா போலவே வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்துத் தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

மலையில் இருப்பவர்களுக்கு இங்கிலாந்தின் 2015 வழிகாட்டுதலில் ஒரு வரி முக்கியமானது. குழந்தையை வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்கும்போது, நிலை மோசமானால் திரும்பி வர எவ்வளவு தூரம் என்பதையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. இந்நோய் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உச்சத்துக்குப் போகும். மன்னவனூரிலிருந்து இரண்டாம் நாள் மாலை வந்த ஒரு குழந்தையைப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டால் மறுநாள்வரை வழியில்லை. படுக்க வைத்தேன். அடுத்த நாள் இரவு அதற்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது.

ஆறு வாரத்துக்குள் இருக்கும் குழந்தையும் குறைமாதக் குழந்தையும் இரைப்பே இல்லாமல் திடீரென்று மூச்சை நிறுத்திவிடலாம். அவர்களை நான் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

தந்தை, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டம்

எங்கள் ஐந்து மாத மகளுக்கு ஊசியும் இல்லை, புகையும் இல்லை என்றதும் எனக்குக் கோபம் வந்தது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எதற்கு வந்தோம்? அந்த நர்சம்மா என் கையில் கடிகாரத்தைக் கொடுத்து, மகளின் சட்டையைத் தூக்கி, வயிறு எழுந்து தாழ்வதை எண்ணச் சொன்னார். நிமிடத்துக்கு 58 வந்தது. மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே ஒடுங்கினாலோ, பால் பாதியாகக் குறைந்தாலோ, மூத்திரத் துணி நனையாவிட்டாலோ 108ஐ அழைக்கச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். லைன் வீட்டுக்குள் குளிருக்கு மூட்டும் கரிச்சட்டியை வாசலுக்கு மாற்றச் சொன்னார். என் பீடியையும்தான்.

மூன்று இரவுகள் நானும் மனைவியும் முறை வைத்து எண்ணினோம். இருமல் போக மூன்று வாரம் ஆனது. ஐந்தாம் நாள் விடியற்காலை 44 என்று எழுதிய அந்தத் தாள் ரேஷன் அட்டைக்குள் இருக்கிறது.