மறு: பகுவலா, பின்னவுருவா?

ஐயா, வணக்கம்.

எந்த அளவில் பார்த்தாலும் கரடுமுரடாகவே தெரியும் ‘ஃபிராக்டல்’ (fractal) வடிவத்துக்குத் தமிழில் ‘பகுவல்’ என்பதா, ‘பின்னவுரு’ என்பதா என்று கேட்டிருந்தீர்கள். பகுவலைவிடப் பின்னவுருதான் பொருந்துகிறது. 1975-இல் கணிதவியலாளர் மாண்டல்பிராட் ஃபிராக்டல் என்ற பெயரை ‘உடைந்தது’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து உருவாக்கினார். கை உடைந்த சிலையைப் பின்னமான சிலை என்கிறோமே, அந்தப் பொருள்தான் இங்கே வேண்டும். பகுத்தல் என்றால் பங்கு போடுவது. கரடுமுரடு அதில் வருவதில்லை.

ஆனால் உங்கள் கட்டுரை வரைவில், கோட்டின் கரடுமுரடைச் சொல்லும் எண்ணுக்கு வைத்துள்ள ‘பின்னப் பரிமாணம்’ என்ற பெயர் வேண்டவே வேண்டாம். கோக் வளைகோடு என்ற பின்னவுருவில் ஒவ்வொரு படியிலும் ஒரு கோட்டுத்துண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு நீளமுள்ள நான்கு துண்டுகளாகிறது. மடக்கை (log) 4-ஐ மடக்கை 3-ஆல் வகுத்தால் 1.2618… வரும். அதுதான் அதன் பரிமாணம். அது விகிதமுறா எண், பள்ளியில் படித்த பின்னம் அல்ல. மாண்டல்பிராட் கணம் என்ற இன்னொரு பின்னவுருவின் விளிம்புக்கோ பரிமாணம் சரியாக 2, முழு எண்.

பொதுவாசகருக்கு அளக்கும் முறையையே பெயராக்கி, ‘பெட்டிப் பரிமாணம்’ என்போம். செய்முறையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். சிங்கப்பூரின் சுங்கை பூலோ கரையின் செயற்கைக்கோள் படத்தில் கரைக்கோட்டை ஒரு பிக்சல் தடிமனில் பிரித்தெடுங்கள். அதன்மேல் 4, 8, 16, 32, 64 பிக்சல் பக்கமுள்ள கட்டங்களை ஒவ்வொன்றாக விரித்து, கோடு படும் பெட்டிகளை எண்ணுங்கள். பெட்டி எண்ணிக்கையின் மடக்கையை, பக்க நீளத்தின் தலைகீழியின் (1/பக்க நீளம்) மடக்கைக்கு எதிரே வரைபடத்தில் குறித்தால், புள்ளிகள் ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் விழும். அதன் சாய்வுதான் விடை.

புள்ளிகள் வளைந்து போனால் பெட்டி அளவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிக்சல் அளவுக்குச் சுருக்கினால் சாய்வு 1-க்கு இறங்கிவிடும். அதற்குக் கீழே படத்தில் வளைவே இல்லை. படத்தின் பாதிக்குப் பெருக்கினால் எல்லாப் பெட்டியிலும் கோடு பட்டு, சாய்வு 2-ஐ நோக்கி ஏறும். கட்டத்தைச் சற்று நகர்த்தினாலும் எண்ணிக்கை மாறும் என்பதால், பல இடங்களில் வைத்துப் பார்த்து மிகக் குறைந்த எண்ணிக்கையை எடுப்பது வழக்கம். சுங்கை பூலோவில் இன்னொரு சிக்கல்: அலையாத்தி மரக்கவிப்பு நீர்விளிம்பை மறைப்பதால், படத்தில் தெரிவது இலைகளின் விளிம்பு. ஓத மட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பிட, 1966-இல் தொடங்கிய நிலமீட்பில் உருவான சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கரை நல்ல தேர்வு. மனிதர் நீவிய கரை என்பதால் 1-ஐ ஒட்டிய எண்ணை எதிர்பார்க்கலாம். கரைகளின் நீளத்தை ஆராய்ந்த ரிச்சர்ட்சனின் அளவுகளை வைத்து மாண்டல்பிராட் 1967-இல் எழுதிய கட்டுரையில் பிரிட்டனின் மேற்குக் கரைக்கு 1.25, தென்னாப்பிரிக்கக் கரைக்கு 1.02.

ஒரு பகுதி முழுமையைப் போலவே இருப்பதைக் குறிக்கும் ‘தன்னொப்புமை’ இருக்கட்டும், அருமையான சொல். கரைக்கு வரும்போது மட்டும் ‘புள்ளியியல் தன்னொப்புமை’ என்று எழுதுங்கள். கோக் கோட்டைப்போல ஒரு துண்டு முழுமையின் அச்சுப் பிரதியாக அங்கே இருப்பதில்லை. கரையைத் தொடுமுன் வாசகர் கோக் கோட்டையே ஒருமுறை அளக்கட்டும். 1.26-க்கு அருகே வராவிட்டால் பிழை எண்ணுவதில் இருக்கிறது.