அமெரிக்கக் கோயில் பங்குக்குப் போற கத்தோலிக்கச் சாமியார்: எங்கெல்லாம் சிக்கல் வரும்?

வடக்கன்குளத்தான்:
அண்ணாச்சிமாரே, சொந்தத்துல ஒரு சாமியாரைப் பாளை மறைமாவட்டத்துல இருந்து அமெரிக்காவுக்குத் ஒரு பங்குல (கோயில் வட்டாரத்துல) துணைப் பங்குத்தந்தையா அனுப்புறாங்க. ரெண்டு ஆயருக்கும் (பிஷப்) பேச்சு முடிஞ்சிட்டு. விசா, அங்க கல்யாணம் நடத்தி வைக்கிறது, மறையுரை (பூசைப் பிரசங்கம்) இதுலல்லாம் என்ன கவனிக்கணும்?

தாமிரவருணி:
பேச்சு காணாது, எழுத்துல வேணும். எத்தனை வருசம், சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஊர் வந்துபோற டிக்கெட் யார் செலவு, எல்லாம் ஒப்பந்தத்துல வரணும்.

விசா ஆர்-1, சமயப் பணியாளருக்கானது. சாமியாரே நேரா விண்ணப்பிக்க முடியாது. வேலைக்கு எடுக்கிறவங்க அங்கேயிருந்து ஐ-129ங்கிற மனு போடணும், அது பாஸான பொறவுதான் தூதரகம். இதை அந்த அமெரிக்க மறைமாவட்டத்தின் பேர்லயே போடச் சொல்லுங்க. தனியாப் பதிவான ஒரு பங்கு போட்டிருந்தா, ஆயர் வேற பங்குக்கு மாத்தும்போது புது மனு வேணும். அது பாஸாகாம அங்க பணி செய்யக்கூடாது. பலர் மாட்டுறது இங்கதான்.

இந்த விசாவுல முதல்ல 30 மாதம், நீட்டிச்சா மொத்தம் 5 வருசம். கிரீன் கார்டுக்கு ஐ-360ங்கிற மனு. 2023 ஏப்ரல்ல வரிசைக் கணக்கு மாறினதுல கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிற வரிசை ரொம்ப நீண்டுட்டு, 5 வருசம் பத்தாமப் போகுது. நம்ம நாட்டுல குருவாப் பணி செஞ்ச 2 வருசமும் தகுதியில சேரும். அதனால போன கையோட ஐ-360 போட வைக்கணும், நாலாம் வருசம் வரை தள்ளக்கூடாது.

கோயில்மணி:
கல்யாணத்துல ரொம்பக் கவனம் வேணும். திருச்சபைச் சட்டம் 1108, 1111 படி, துணைப் பங்குத்தந்தைக்குத் தன் பங்குக்குள்ளயே கல்யாணம் நடத்தி வைக்கிற அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கணும். ஒரு கல்யாணத்துக்கு மட்டும்னு இல்லாத பொது அதிகாரம்னா எழுத்துல வேணும். பக்கத்து நகரத்துத் தமிழ்க் குடும்பம் ஆசையாக் கூப்பிடும். அந்த ஊர்ப் பங்குத்தந்தையோ ஆயரோ அதிகாரம் கொடுக்காம நடத்தினா திருமணம் செல்லாது. குருப்பட்டம் இருந்தாப் போதும்னு நினைக்கிறதுதான் இந்தத் தப்புக்குக் காரணம். சில மாநிலங்கள்ல குருவானவர் அரசாங்கத்துலயும் முன்னாடியே பதியணும். ஆயர் தர்ற அடையாளக் கடிதம் கையிலயே இருக்கட்டும், வேற கோயில்ல பூசை வைக்கக் கேப்பாங்க.

வடக்கன்குளத்தான்:
நன்றி அண்ணாச்சி. மறையுரைக்கு?

செபமாலை:
ஆங்கிலத்துல இலக்கணம் இடிக்கிறது குறைவு. வேகமும் அழுத்தமும்தான் இடிக்கும். நாம எல்லா அசையையும் ஒரே அளவாச் சொல்வோம், அவங்க ஒண்ணை மட்டும் அழுத்துவாங்க. அழுத்தம் மாறினா தெரிஞ்ச சொல்லே புரியாது. 700 சொல்லுக்கு மேல எழுத வேண்டாம், நிமிசத்துக்கு 100 சொல்லுன்னா 7 நிமிசம். அழுத்துற அசைக்கு அடிக்கோடு போட்டு, சனிக்கிழமையே பங்குல ஒருத்தர்கிட்ட வாசிச்சுக் காட்டணும். விவிலியப் பேர்களை முதல்ல பாக்கச் சொல்லுங்க: ஏசாயாவை அவங்க ‘ஐசேயா’ம்பாங்க, யோபுவை ‘ஜோப்’ம்பாங்க.